ஹெதர் பாத்தி

பஞ்சைத் தின்று பிழைத்தவள் என்று விஜயகுமாரியைச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் பஞ்சுதான் அவளைத் தின்றது.

அவிநாசிபாளையத்திலிருந்து கல்யாணமாகி வேலம்பாளையத்துக்கு வந்த நாள் முதல் பனியன் கம்பெனிதான். முதலில் பிசிர் வெட்டினாள். பிறகு டெய்லருக்கு உதவியாகக் கை மடித்தாள். கடைசியில் செக்கிங். டியூப்லைட்டுக்கு அடியில் நின்றுகொண்டு, தைத்து வந்த ஒவ்வொன்றையும் உதறி, புரட்டி, ஓட்டை இருக்கிறதா கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு உதறலுக்கும் மெல்லிய தூசி ஒன்று எழும்பும். சாயங்காலம் புருவத்தில் வெள்ளை படிந்திருக்கும். மூக்குக்குள், தொண்டைக்குள், அதற்கும் கீழே படிந்ததை யார் பார்த்தார்கள்?

வருடங்கள் கழித்து மூச்சு இழுக்க ஆரம்பித்தது. படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ பழைய தையல் மெஷினை ஓட்டுகிற மாதிரி சத்தம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ஆஸ்பத்திரி டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "துணியை விட்டுத் தள்ளி இருங்கம்மா" என்றார். திருப்பூரில் இருந்துகொண்டு துணியை விட்டு எங்கே தள்ளி இருப்பது?

அந்தச் சமயம் பார்த்துக் கம்பெனித் தோட்டக்காரர் வேலையை விட்டுப் போனார். மேனேஜர் அர்த்தநாரி அவளைக் கூப்பிட்டு, "உள்ள நின்னு செத்துக்கித்து வெக்காத. வெளிய போயித் தண்ணி ஊத்து" என்றார். அது இரக்கமா எரிச்சலா என்று அவள் ஆராயவில்லை. வெயிலில் நின்றாள், மண்ணைக் கொத்தினாள். நாலைந்து மாதத்தில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினாள். தோட்டம் என்பது அவளுக்குப் பூவும் இல்லை, பச்சையும் இல்லை. மூச்சு.

தோட்டம் என்றாலும் பெரிதாக ஒன்றுமில்லை. முன்கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் சுவரோரம் ஒரு நீளமான துண்டு நிலம், பின்னால் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம். மண் வெளுத்துப் போன மண். கொத்தினால் கொத்து 'ணங்' என்று சுக்கான்கல்லில் முட்டும். சுண்ணாம்பு கட்டிக் கட்டியாகக் கலந்து கிடக்கிற பூமி. போர்த் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. அதிலும் அவள் அரளியைப் பூக்க வைத்தாள், சங்குப்பூவைக் கம்பி வேலியில் ஏற்றினாள். ஆபீஸ் கூட்டித் துடைக்கிற பெரியாத்தாள் சொல்வாள்: "இவ வௌக்கமாத்த நட்டாலும் தளுக்குமடி. நாமதான் கூட்டறதுக்கு வேற தேடோணும்."

கைராசிக்காரி என்று பேர். செக்கிங்கில் இத்தனை வருடம் நின்றதற்குக் கிடைக்காத பேர்.

*

முதலாளியின் மகன் நித்தீஷ் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்தான். கெட்ட பையன் இல்லை. எதையும் போனில் பார்த்த பிறகுதான் கண்ணால் பார்ப்பான், அவ்வளவுதான். கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் தருகிற பையர் ஒருவர் குளிர் தேசத்துக்காரர். அவர்களுடைய லேபிளில் ஊதா நிறத்தில் ஒரு சின்னப் பூங்கொத்து இருக்கும். ஹெதர் என்று பேர். அவர் நேரில் வரப்போகிறார் என்று தெரிந்ததும் நித்தீஷுக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் காரிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு பாத்தி நிறைய ஹெதர் பூத்திருக்க வேண்டும்.

மலையில் ஒரு நர்சரியில் சொல்லிவைத்து வாங்கி வந்தான். கறுத்த மண்ணோடு சின்னச் சின்னத் தொட்டிகள். சவுக்கு நாற்றைக் குட்டையாக்கினது மாதிரி ஊசி ஊசியாக இலை. நுனியில் அரிசி அளவுக்கு ஊதா மணிகள். விஜயகுமாரி விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். இவ்வளவு சின்னப் பூவை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"காருக்குள்ள ஏசி போட்டுக் கூட்டியாந்தாருங்களாமா, செடிய" என்றாள் பெரியாத்தாள். "நம்ம செக்கிங் ஹால்ல ஃபேனு கேட்டா, துணி பறந்துரும்னு சொன்னாங்கொ."

நித்தீஷ் போனைப் பார்த்தபடி சொன்னான். "அக்கா, இதுக்குப் புளிப்பு மண்ணு வேணும். ஆசிட் சாயில். நம்ம மண்ணு சுண்ணாம்பு. அதுல வெச்சா இலை மஞ்சளாயிரும். வேரு சத்த எடுக்க முடியாதாம்."

"அப்ப எப்படிங்க தம்பி?"

"இதுலயே சுண்ணாம்பத் தாங்குற வகை ஒண்ணு இருக்குது. ஆனா அது பூ வேற மாதிரி. லேபிள்ல இருக்குறது இதுதான்."

மண்ணைப் பார்த்துச் செடி வாங்குகிறவர்களை அவளுக்குத் தெரியும். லேபிளைப் பார்த்துச் செடி வாங்குகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தாள். "தொட்டிலயே இருந்துட்டுப் போகுட்டுமுங்களே" என்றாள். தொட்டியாக வைத்தால் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும் என்றான் நித்தீஷ். பாத்தி இயற்கையாக இருக்க வேண்டுமாம்.

மண்ணைப் புளிப்பாக்கும் வேலை ஜெயபாண்டியிடம் போனது. அவன் கம்பெனியின் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். மதுரைப் பக்கத்துக்காரன். சட்டைப் பையில் எப்போதும் பிஹெச் பேப்பர் வைத்திருப்பான். மண்ணை ஒரு கிளாஸில் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பேப்பரை முக்கி எடுத்தான். புளிப்பென்றால் மஞ்சளாகும், காரமென்றால் பச்சையாகும். பச்சை.

"சப்ப மேட்டருக்கா" என்றான். "நாங்க தெனமும் பண்றதுதான. சோடாப்பு போட்டுச் சாயத்த ஏத்துவோம், ஏறுனதும் அசிட்டிக் ஆசிட் விட்டுக் காரத்த எறக்குவோம். துணிக்கே எறங்குது. மண்ணு என்ன வானத்துலருந்தா வந்துச்சு?"

இந்த ஊரில் மட்டும்தான் இப்படித் தோன்றும். வேறெங்காவது என்றால் இலைச் சருகைப் போடலாமா, மலை மண் ஒரு லோடு அடிக்கலாமா என்று யோசித்திருப்பார்கள். இங்கே பூமியையும் ஒரு சாயத் தொட்டியாக நினைத்தார்கள். கேனில் அசிட்டிக் வந்தது. ஜெயபாண்டி அளவு சொல்ல, விஜயகுமாரி பக்கெட்டில் கலந்து பாத்தியில் ஊற்றினாள். மண் 'சொய்ங்' என்று நுரைத்தது. சுக்கான்கல்லிலிருந்து கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. மண்ணுக்கு உயிர் வந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். பேப்பரை வைத்தால் மஞ்சள். ஜெயபாண்டி அதைப் போட்டோ எடுத்து நித்தீஷுக்கு அனுப்பினான். செடிகளை நட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பச்சை.

மறுபடி ஊற்றினார்கள். மஞ்சள். மறுபடி பச்சை. "டோசு பத்தல" என்றான் ஜெயபாண்டி. டோசைக் கூட்டினார்கள். சாயத் தொட்டிக்கு அடி உண்டு, சுவர் உண்டு. இந்த மண்ணின் சுண்ணாம்புக்கு அடி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. விட்ட ஆசிட்டையெல்லாம் அது பேசாமல் குடித்துவிட்டு அப்படியே இருந்தது. குடிக்காமல் இருந்தது செடிதான்.

முன்கேட்டில் நுழைகிறவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். "ஊறுகாக் கம்பெனி ஆரம்பிச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்றாள் பெரியாத்தாள். விஜயகுமாரி சிரித்துக்கொண்டாள். புளிப்புத்தானே வேண்டும் என்று அவளும் தன் பங்குக்கு வீட்டிலிருந்து புளித்த மோரைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து வேரில் விட்டாள். அந்தச் செடி பிழைக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டாள். மேலே பச்சை வலை கட்டினாள். லாரித் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றினாள்.

முதலில் ஊதா மணிகள் காகிதம் மாதிரி வெளுத்தன. பிறகு ஊசி இலைகள் நுனியிலிருந்து பழுப்பாகி, தொட்டால் உதிர்ந்தன. பையர் வர ஒரு வாரம் இருந்தபோது பாத்தி முழுக்கத் துடைப்பக்குச்சி நட்டுவைத்த மாதிரி நின்றது.

*

மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் டிபன் பாத்திரங்களோடு வேப்பமர நிழலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். பாத்தியருகே நித்தீஷ், ஜெயபாண்டி, அர்த்தநாரி மூன்று பேரும் நின்றார்கள். விஜயகுமாரியைக் கூப்பிட்டார்கள்.

அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். "விஜயா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. பூச்செடிக்கெல்லாம் ஒரு இது இருக்குதல்லொ. இதுக்குத் தண்ணி ஊத்துனது... அந்த மூணு நாள்லயும் நீயேதான் ஊத்துனயா?"

முதலில் அவளுக்குப் புரியவில்லை. எந்த மூன்று நாள் என்று யோசித்தாள். புரிந்ததும் காதுமடல் சூடாகியது. நித்தீஷ் செடியைப் பார்த்தான். ஜெயபாண்டி போனைப் பார்த்தான். அவன் சட்டைப் பையிலிருந்து பிஹெச் பேப்பரின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நின்னு போயி ரெண்டு வருசமாச்சுங்க சார்" என்றாள் விஜயகுமாரி.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பெரியாத்தாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அர்த்தநாரியின் முகம் கறுத்தது. கேட்ட கேள்வி தன் மேலேயே திரும்பி விழுந்தால் பெரிய மனுசர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். கேள்வியைப் பெரிதாக்கினார்.

"அப்ப உள்ள இருக்கற புள்ளைங்க யாராச்சும் தொட்டிருக்கும். இனி பொம்பளையாளு யாரும் இந்தப் பாத்திப் பக்கம் போக வேண்டாம். கார்டனுக்கு ஒரு ஆம்பளையாளப் பாத்துக்கறோம். பையர் வந்துட்டுப் போனதும் நீ செக்கிங்குக்கே போயிரு."

செக்கிங். அந்தச் சொல்லைக் கேட்டதும் நெஞ்சுக்குள் அந்தப் பழைய மெஷின் ஒரு தரம் ஓடி நின்ற மாதிரி இருந்தது அவளுக்கு.

"சார், ஆசிட் ஊத்துனோம்ங்க" என்றாள். "நானும்தான் ஊத்துனேன். மோருங்கூட ஊத்துனேன். குத்தம்னா அதச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். இந்தப் பேச்சு வேண்டாமுங்க."

"அசிட்டிக் எல்லாம் கரெக்டாத்தான் விட்டுருக்குது. பேப்பர் வெச்சுப் பாத்துருக்காங்க" என்றார் அர்த்தநாரி. ஜெயபாண்டி இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

இதில் ஒரு விசயம் உண்டு. அதே அர்த்தநாரி போன தீபாவளிக்கு முன்னால் கேன்டீன் ஹாலில் ஒரு கூட்டம் போட்டார். வெளிநாட்டு ஆடிட்டுக்காக, பெண்கள் உடல்நலம் பற்றி. ஒரு அம்மா மைக் பிடித்து, மாதவிலக்கு தீட்டு இல்லை, அது உடம்பின் இயல்பு என்று பேசினார். முதல் வரிசையில் உட்கார்ந்து முதலில் கைதட்டியவர் அர்த்தநாரி. அந்த வாசகம் பெரிய எழுத்தில் போர்டாகி, முன்கேட்டுச் சுவரில் இன்றைக்கும் தொங்குகிறது. அதற்கு நேர் கீழேதான் ஹெதர் பாத்தி. போர்டை ஆடிட்டர் படிப்பதற்காக மாட்டியிருந்தார்கள். மேனேஜர் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போல.

சாயங்காலம் குழாயடியில் ஜெயபாண்டி வந்து நின்றான். "யக்கா, மனசுல வச்சுக்காதீங்க. நாந்தேன் டோசக் கூட்டுனேண்டு சொன்னா என் வேல போயிரும்க்கா."

"என்ற மூச்சுப் போயிருமே தம்பி. அதுக்கு என்ன டோசு?"

அவன் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான். அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வந்ததெல்லாம், இத்தனை பேர் நின்ற இடத்தில் ஒரு பொய்யைவிட ஒரு உண்மைக்கு அதிக வெட்கம் எப்படி வந்தது என்ற ஆங்காரம்தான். ஆசிட்டைச் சொல்வதற்குக் கூச்சம். அவள் உடம்பைச் சொல்வதற்கு ஒரு கூச்சமும் இல்லை.

வீட்டில் சொன்னாள். டெம்போ ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த புருசன் ராசப்பன், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "நான் வந்து கேக்கட்டுமா?" என்றான்.

"நீ வந்து என்னன்னு கேப்ப? என்ற பொண்டாட்டிக்கு நின்னுபோச்சுன்னா? நானே கேக்கறேன்."

*

செத்த செடிகளைப் பிடுங்கினார்கள். மறுநாள் நித்தீஷ் கோயம்புத்தூரிலிருந்து அட்டைப் பெட்டிகளில் பூ இறக்கினான். ஊதா. ஊசி இலை, அரிசி மணி, எல்லாம் அச்சு அசல். மணம் மட்டும் புது பக்கெட் மாதிரி. பாத்தியில் குத்திவைத்து, மேலே தென்னைநார்த் தூளைப் பரப்பினார்கள். ஆசிட் கேட்காத, சுண்ணாம்பைத் தாங்குகிற வகை கடைசியில் கிடைத்துவிட்டது.

பையர் வருகிற காலையில் அர்த்தநாரி அவளிடம் ஒரு புதுப் பச்சை மேலங்கியை நீட்டினார்.

"விஜயா, இதப் போட்டுக்கிட்டு ஹோஸ் புடிச்சு அங்க நில்லு. லேடீஸ் ஸ்டாஃப் கார்டன்ல வேலை செய்யறாப்பல ஒரு போட்டோ வேணுமாமா."

அவள் அவரையே பார்த்தாள். போன வாரம் பெண் தொட்டால் செடி சாகும். இந்த வாரம் பெண் தொடாவிட்டால் போட்டோ வராது.

"பொம்பளையாளு பாத்திப் பக்கம் போகவேண்டாம்னீங்களே சார்."

"அது அந்தச் செடிக்கு. இது..." என்று தொடங்கிய அர்த்தநாரி அங்கேயே நிறுத்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "இத பாரு, வம்பு பண்ணாத. நல்லபடியா நின்னு குடுத்தயின்னா கார்டன்லயே விட்டர்றேன். செக்கிங் போக வேண்டாம்."

மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். ஹோஸைப் பிடித்துக்கொண்டு பாத்தியருகே நின்றாள். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் பூவின் மேல் ஒட்டாமல் மணி மணியாக உருண்டு விழுந்தது. வாயை மூடிக்கொண்டு இப்படியே கொஞ்ச நேரம் நின்றால் போதும். மூச்சு அவளுக்கு மிஞ்சும். கூடவே அந்தக் கேள்வியும் மிஞ்சும். நாளைக்கு இந்தக் கம்பெனியில் எந்தச் செடி வாடினாலும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற ஏதாவது ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, எந்த மூன்று நாள் என்று கேட்பார்கள். அதற்கு நின்று போய்க்கூட இருக்காது, சொல்லித் தப்பிக்க.

கார் வந்தது. வெள்ளைத் தலையோடு நெடுநெடுவென்று ஒரு மனிதர் இறங்கினார். ஊதாப் பூவைக் கண்டதும் புருவம் உயர்ந்தது. நேராகப் பாத்திக்கு வந்தார். விஜயகுமாரியைப் பார்த்துத் தலையசைத்து ஏதோ கேட்டார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

நித்தீஷ் அவள் பக்கம் குனிந்தான். "இந்த ஊர் மண்ணுல, இந்த வெயில்ல இத எப்படி வளத்தீங்கன்னு கேக்கறாருக்கா. நீங்க சும்மா சிரிங்க, நான் பாத்துக்கறேன்."

விஜயகுமாரி ஹோஸை மடக்கித் தண்ணீரை நிறுத்தினாள். பையர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பிளாஸ்டிக்குங்க."

அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர் குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். கம்பிக்காலோடு வெளியே வந்தது. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். நித்தீஷின் கழுத்து ஊதாவாகியது. அர்த்தநாரி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தாரோ என்னவோ.

அப்படியொன்றும் வானம் இடிந்து விழவில்லை. பையருடைய ஊரிலும் அவர் வீட்டு மண் சுண்ணாம்பு மண்தானாம். அவர் தோட்டத்தில் ஹெதர் ஒன்றுகூட இல்லையாம். லேபிளோடு சரியாம். அப்புறம் உள்ளே போய்த் துணியைப் பார்த்தார், விலையைப் பேசினார், ஆர்டர் கொடுத்தார். பூவைப் பார்த்து வருகிற ஆர்டரா அது? விலையைப் பார்த்து வருகிற ஆர்டர். அதற்காகத்தான் இத்தனை கேன் ஆசிட், இத்தனை பேச்சு.

சாயங்காலம் நித்தீஷ் சிரித்துக்கொண்டே வந்தான். "அக்கா, மானத்த வாங்கிட்டீங்க. ஆனா அவருக்கு உங்களப் புடிச்சுப்போச்சு. ஹானஸ்ட் லேடின்னாரு. நீங்க கார்டன்லயே இருங்க."

"இருக்கறனுங்க தம்பி. ஆனா அர்த்தநாரி சார் அன்னைக்கு அத்தன பேர் முன்னால கேட்டாரல்லொ. அதே எடத்துல நின்னு, அதே ஆளுக முன்னால, செடி ஆசிட்டுல செத்துதுன்னு ஒரு வார்த்த சொல்லோணும்."

"அதெல்லாம் எதுக்குக்கா? முடிஞ்சுபோச்சு."

"உங்களுக்கு முடிஞ்சுதுங்க."

நித்தீஷ் பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் பிளாஸ்டிக் பூக்களைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். தென்னைநார்த் தூளை வழித்துக்கொண்டுபோய் அரளிக்கு இட்டாள். பாத்தியை வெறும் மண்ணாக, சுக்கான்கல் பல் தெரிய விட்டுவைத்தாள். சுற்றியுள்ள எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றுகிறாள். அதற்கு மட்டும் ஊற்றுவதில்லை. முன்வாசலில், போர்டுக்கு நேர் கீழே, கம்பெனிக்கு வருகிறவர் எவரானாலும் கண்ணில் முதலில் படுகிற இடம் அது.

அர்த்தநாரி ஒருநாள் நின்று பார்த்தார். "என்ன இது, சுடுகாடாட்டம்? ஒரு ரோசாவாச்சும் வெக்கலாமல்ல?"

"வெக்கறனுங்க சார். நீங்க சொன்னதும் வெக்கறேன்."

"அதான் இப்பச் சொல்லீட்டனே."

"அது இல்லீங்க சார். அந்த ஒரு வார்த்தைங்க."

அவர் உள்ளே போனார். லாரி டிரைவர், நூல் ஏஜென்ட், ஆடிட்டுக்கு வந்த பெண் என்று வருகிற ஆட்களெல்லாம் கேட்கிறார்கள். இத்தனை பச்சைக்கு நடுவில் இந்த ஒரு துண்டு மட்டும் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று. விஜயகுமாரி மண் கொத்துகிற கொத்தைத் தரையில் ஊன்றிவிட்டு, மரியாதையாக, சிரித்த முகத்தோடு, எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்.

"அர்த்தநாரி சாரக் கேளுங்க. அவருக்குத்தானுங்க தெரியும்."

இப்போதெல்லாம் அவர் பின்கேட் வழியாக வருகிறார்.